கை நழுவிய குச்சி

மறுபடியும் குச்சி கீழே விழுந்தது.

பாட்டு பாதியில் நின்றது. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆல்பம் கம்பெனிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஸாரி, ஸாரி! கை வேர்த்துப்போச்சு," என்று குனிந்து தேடினார் டிரம்மர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது அவளுடைய முதல் ஜாஸ் ஆல்பம். பியானோ ஒருவர், டிரம்ஸ் ஒருவர், நடுவில் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை அணைத்துப் பிடித்து வாசித்துக்கொண்டே பாடுவது அவள். மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசித்தால்தான் உயிர் இருக்கும் என்று அவளே அடம்பிடித்து வாங்கிய ஏற்பாடு. ஒருத்தர் சொதப்பினால் எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கம்பெனிக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வாசிச்சுக்கிட்டே பாடறது லேசுப்பட்ட விஷயமில்லம்மா. தடுமாறினா பாட்டை மட்டும் நீ பாடு. பேஸுக்கு ஆள் வெளியே தயாரா உக்காந்திருக்கார்."

பேஸை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் அது யாருடைய ஆல்பம்? அந்தப் பயத்தில் அவளுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. இந்த மனுஷன் என்னடாவென்றால் குச்சியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

"என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?"

"வயசாகுதும்மா," என்றார், முப்பதுகூட ஆகாத டிரம்மர்.

"குச்சியைக் கையோட சேர்த்துக் கட்டிவிடட்டுமா?" என்று சீண்டினார் பியானோக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த தடவையும் விழுந்தது. அதற்கடுத்த தடவை பாட்டு வழுக்கிக்கொண்டு போய் அழகாக முடிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பியானோக்காரரின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுதாள். டிரம்மருக்கு மட்டும் ஒரு தலையசைப்போடு சரி.

கம்பெனிக்காரர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"வெளியீட்டு நிகழ்ச்சிக்கு வேற டிரம்மரைப் போட்டுடலாம்னு இருக்கேன். மேடையில குச்சியைப் போட்டா மானம் போயிடும். நீ என்ன சொல்றே?"

"சரிங்க சார்," என்றாள்.

அடுத்த வாரம் ஒலிப்பதிவு செய்த அக்காவுடன் உட்கார்ந்து பாட்டுகளைச் சரிபார்த்தாள்.

"டிரம்ஸ் அண்ணன் கெடுத்ததையெல்லாம் அழிச்சிடுங்கக்கா."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடு."

அக்கா ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டிவிட்டு, அவளுடைய மைக்கில் பதிவானதை மட்டும் தனியாக ஓடவிட்டாள்.

மூன்றாவது வரி. குரல் மேலே ஏறுகிற இடம். அவள் விரல் தந்தியில் வழுக்கியது, பேஸ் சுருதியை விட்டு இறங்கியது. அடுத்த நொடியே தூரத்தில் குச்சி விழும் சத்தம்.

அடுத்த பதிவிலும் அதே வரி, அதே வழுக்கல். அதற்குப் பிறகுதான் குச்சி.

"குச்சி விழுந்த கலாட்டால கம்பெனிக்காரர் உன் தப்பைக் கவனிக்கல," என்றாள் அக்கா. "நீயே கவனிக்கலையே!"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். பிறகு வெளியே ஓடிப்போய் ஃபோன் போட்டாள்.

"அண்ணே... ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

டிரம்மருக்குப் புரிந்துவிட்டது. "சொல்லியிருந்தா அடுத்த தடவை உன் கவனம் பாட்டு மேலயா இருந்திருக்கும்? விரல் மேலதான் இருந்திருக்கும். ரெண்டு மூணு தடவை பாடினா தன்னால சரியாயிடும்னு தெரியும். ஆச்சா இல்லையா?"

"உங்களை நிகழ்ச்சியிலேர்ந்து எடுக்கறேன்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். பாவி நான்!"

"அதுவும் தெரியும். விடு."

"விடமாட்டேன். கம்பெனிக்காரர்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். நீங்க இல்லாம நான் மேடை ஏறமாட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலண்ணே."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தப் புது டிரம்மருக்கு நான்தான் ஃபோன் போடணும். நேத்துதான் அவரைத் தேடிப் போய், 'மூணாவது வரி வர்றப்போ எங்க பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்குங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்!"