பத்மஜாவின் குளியல் பொடி

குற்றவாளியே நேரில் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜலஜா ஸ்கார்ஃபை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஹைதராபாத்தில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் வெயிலுக்குப் பயந்து தலையையும் முகத்தையும் ஸ்கார்ஃபால் சுற்றிக்கொண்டு, கொள்ளையடிக்கக் கிளம்பியவர்கள் மாதிரிதான் போவார்கள். ஜலஜாவுக்கு ஸ்கூட்டியே கிடையாது. ஸ்கார்ஃப் மட்டும் உண்டு. தோல் டாக்டர் அனுபமாவின் ஏ.சி. போட்ட காத்திருப்பு அறையிலும் அதை அவிழ்க்கவில்லை.

இரண்டு வருஷமாக அவள் நெற்றி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மாதாப்பூரில் பாறையை உடைத்துக் கம்பெனிகள் இடம் பிடித்த வேகமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூடவே புருவமும் ராஜினாமா செய்துவிட்டது. தினமும் பென்சிலால் வரைந்துகொண்டுதான் ஆபீஸ் போனாள். ஒருநாள் அவசரத்தில் ஒரு புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட, தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் செக்‌ஷன் ஆபீசர் சாயந்தரம் வரை பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

"இதனாலதான் வருதுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றிருந்தார் டாக்டர். "முகத்துக்குப் போடற எல்லாத்தையும் அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க. ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்ப்போம்."

ஜலஜா அடுத்த தடவை வரை காத்திருக்கவில்லை. மாடி வீட்டுப் பத்மஜா வீட்டிலேயே அரைத்து விற்கும் குளியல் பொடிதான் காரணம் என்று லிஃப்டில் சொன்னாள், மொட்டை மாடியில் சொன்னாள், காய்கறி வண்டியைச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள். ஒரே வாரத்தில் அவர்கள் குடியிருந்த மல்காஜ்கிரியில் அந்தப் பொடியைத் தொட ஆள் இல்லை. பத்மஜா வீட்டு மிக்ஸி ஊமையாகிவிட்டது.

பத்மஜா மறுபேச்சே பேசவில்லை.

"தப்பு இருக்கு, அதான் வாயைத் திறக்கல" என்று அதையும் ஜலஜாவே சொல்லி வைத்தாள்.

இப்போது அந்தப் பத்மஜா இங்கே.

"என்ன பத்மஜாக்கா, பொடிக்கு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்க வந்தீங்களா?"

"நக்கோ ஜலஜா, அதெல்லாம் இல்ல" என்றாள் பத்மஜா, பிறந்ததிலிருந்து லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கே உரிய ஹைதராபாத் உருதுப் பழக்கத்தில். "வேற வேலை."

"பின்னே? மருந்து வாங்கவா? உங்களுக்கென்ன குறைச்சல், நெத்தி நிறைய முடி."

பத்மஜா சுற்றிலும் பார்த்தாள். எதிரே ஒரு கிழவர் மட்டும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, காதோரம் இரண்டு கிளிப்பை எடுத்து, அந்த நெற்றி முடியைச் சம்படத்து மூடியைத் திறப்பது போல மெல்லத் தூக்கினாள்.

கீழே உச்சிவரை வெறும் நெற்றி. ஜலஜாவுடையதைவிட இரண்டு விரல்கடை அதிகம்.

கட்டைவிரலால் புருவத்தை ஒரு தேய்ப்பு தேய்த்துக் காட்டினாள். விரலில் மை.

"ஏழு வருஷமாச்சு" என்றாள், முடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டே. "பொடி அரைக்க ஆரம்பிச்சதே போன வருஷம்தான்."

ஜலஜா அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா. கிளிப்பைக் கழட்டிக் காட்ட வேண்டாம், வாயால சொல்லியிருந்தாலே போதுமே. நான் ஊரெல்லாம்..."

"சொல்லலாம்னுதான் ஒருநாள் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ உள்ளே உங்க வீட்டுக்காரர்கிட்ட, 'காரணம் தெரிஞ்சு போச்சு, இனிமே நிம்மதி'ன்னு சிரிச்சிட்டிருந்தே. திரும்பிட்டேன்."

"அதுக்காகவா?"

"எனக்கு வந்தப்போ நானும் தேடினேன் ஜலஜா. போர் தண்ணி, ஷாம்பூ, தலைக்குப் போட்ட சாயம், ஒண்ணையும் விடல. எதை நிறுத்தியும் முடி கொட்டறது நிக்கல. பழி போட ஆளே கிடைக்காம கடைசில என்னையே திட்டிக்க ஆரம்பிச்சேன். அது இருக்கே, முடி போறதைவிட மோசம். உனக்காவது நான் கிடைச்சேனே. இருந்துட்டுப் போகட்டும்."

ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஏ.சி.யிலும் வியர்த்தது. வரைந்த புருவம் கரைகிறதோ என்ற கவலைகூட அந்த நேரத்தில் வரவில்லை.

"ஜலஜா காரு, ரண்டி" என்று தெலுங்கில் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள் ரிசப்ஷன் பெண்.

எழுந்தாள். இரண்டடி வைத்தவள் நின்று, ஸ்கார்ஃபை அவிழ்த்து நாற்காலியிலேயே போட்டாள். உள்ளே போனதும், டாக்டர் அறைக் கதவைச் சாத்த வந்த பெண்ணிடம், "வேண்டாம்மா, திறந்தே இருக்கட்டும்" என்றாள்.

"எல்லாம் கொண்டு வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

ஜலஜா பையிலிருந்து சோப்பை எடுத்தாள், எண்ணெயை எடுத்தாள், பொடிப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள். கடைசியாக ஒரு கைக்குட்டை முடிச்சு. அதை அவிழ்க்கத்தான் நேரமாயிற்று. உள்ளே, அடிவரை பிதுக்கிச் சுருட்டிய ஒரு சிவப்பழகு கிரீம் டியூப்.

"பொண்ணு பார்க்க வந்தப்போ, நிறம் கொஞ்சம் மட்டுன்னு சொன்னாங்க. அன்னிலேர்ந்து தினம் போடறேன். இவருக்குக்கூடத் தெரியாது. இந்த வயசுல வெளியே சொல்ல வெட்கமா இருந்தது."

டாக்டர் சிரிக்கவில்லை. "இதுவாத்தான் இருக்கணும்னு இல்லம்மா. நிறுத்திப் பார்ப்போம். போன தடவை அந்தப் பொடி மேலதானே ரொம்பச் சந்தேகம்னீங்க, அதை எவ்வளவு நாள் போட்டீங்க?"

ஜலஜா பாக்கெட்டைத் திருப்பி வைத்தாள். அதன் வாயில் பத்மஜா அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது.

திறந்திருந்த கதவைத் தாண்டிக் கேட்கும்படியாகச் சொன்னாள்: "பிரிக்கவே இல்ல, டாக்டர்."