பித்தளைப் பொத்தான்கள்

"இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள் ரெகினா. கையில் பேனா, மேசையில் தாள்.

ஏழு வயது இர்கா எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். பிறகு ரெகினாவைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வந்தவள் பெயர் சலோமியா. வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவள். மழித்த தலையில் முடி இப்போதுதான் நாலு விரல் வளர்ந்திருந்தது. சிரிப்பைப் பார்த்ததும் அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா பாரும்மா. அவசரமே இல்ல" என்றாள் ரெகினா.

"தெரியாது, அத்தை. நான் பார்த்ததே இல்ல."

போர் முடிந்து ஐந்து மாதம். கிராக்கோ நகரில் ரெகினாவின் பொறுப்பில் இருக்கும் இந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குத் தினமும் யாராவது ஒரு தாய் வருகிறாள். பறிகொடுத்தவளுக்கு எந்தப் பிள்ளையும் தன் பிள்ளை போலத்தான் இருக்கும். அதற்காக ரெகினா யாரையும் குறை சொல்லமாட்டாள். ஆனால் போன மாதம் ஒருத்தியின் அழுகையை நம்பி ஒரு குழந்தையை அனுப்பிவைத்தாள். ஒன்பதாம் நாள் குழந்தையின் சொந்தச் சித்தி கையில் போட்டோவோடு வாசலில் நின்றாள். குழந்தை எந்த ஊருக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்றிலிருந்து ரெகினா சூடு கண்ட பூனை. காகிதம் இல்லாமல் வருகிறவர்களுக்கு ஒரே விதிதான். பிள்ளை அடையாளம் சொல்லவேண்டும்.

"இடது முழங்கால்ல தழும்பு இருக்கும்" என்றாள் சலோமியா. "சுடுதண்ணி கொட்டினது. நான்தான் கொட்டினேன்."

தழும்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் இவள் அரை மணி நேரமாக நடையில் காத்திருந்தாள். அரைக்கால் சட்டையோடு அத்தனை பிள்ளைகளும் அவளைத் தாண்டித்தான் ஓடினார்கள்.

ரெகினா தன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். உதவி மூட்டையில் வந்த பழைய ராணுவக் கோட்டு, நெஞ்சுவரை பித்தளைப் பொத்தான். இந்தக் குளிருக்கு அவளிடம் வேறு இல்லை. காலையில் சமையல்கார ஸ்லாதா, "இன்ஸ்பெக்டர் அம்மா வந்தாச்சு, எல்லாரும் வரிசையில நில்லுங்கடா!" என்று கத்த, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோருமா சிரித்தார்கள் என்று ரெகினா பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள் சலோமியாவிடம். சொன்னவளுக்கே அது போதவில்லை.

சலோமியா சண்டை போடவில்லை. "நாலு வயசுல விட்டுட்டுப் போனேன். மறந்துட்டா போல. இல்ல, இவ என் பொண்ணே இல்லையோ என்னவோ" என்றாள். இது அவள் ஏறி இறங்கிய கடைசி இல்லம். மத்தியான வண்டியில் எல்லை தாண்டிப் போகிறவர்களோடு அவளும் போகிறாள். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த அவித்த முட்டையை மேசைமேல் வைத்தாள்.

"யாராவது ஒரு பிள்ளைக்குக் கொடுங்க."

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை ரெகினா பேனாவை மூடவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

இர்கா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றாள்.

"முட்டை சாப்பிடுறியா?"

தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. திரும்பாமலே கேட்டாள், "அவங்களை விட்டுட்டீங்களா?"

"விட்டாச்சு. இனிமே வரமாட்டாங்க, பயப்படாதே."

"பின்னாடியே யாரும் போய்ப் பிடிக்கமாட்டீங்களே?"

ரெகினாவின் கை முட்டைமேல் அப்படியே நின்றது.

"எதுக்குப் பிடிக்கணும்?"

"வெரோனிகா பெரியம்மா சொல்லியிருக்காங்க." துவைக்கும் கொப்பரைக்குப் பின்னால் இர்காவை மூன்று வருஷம் ஜெர்மன் போலீசுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த சலவைக்காரி அவள். "பித்தளைப் பொத்தான் சட்டைக்காரங்க பேனாவும் கையுமா வந்து இது யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும். அம்மாவையே கொண்டுவந்து காட்டினாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லணும். அழுதா அம்மாவைக் கொண்டுபோயிடுவாங்க."

ரெகினா குனிந்து தன் கோட்டின் பொத்தான்களைப் பார்த்தாள். கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

கீழே சலோமியா ஏறிய டிராம் மணியடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் இர்கா கண்ணாடியைவிட்டு முகத்தை எடுத்தாள்.

"அம்மா தப்பிச்சுப் போயிட்டாங்க" என்றாள். உதடு கோணத் தொடங்கியிருந்தது.

"இப்ப அழலாமா, அத்தை?"