ஒன்பது மீட்டர்

"நடுவுல பதினெட்டு மீட்டர் சும்மா கிடந்து என்னலே செய்யப்போகுது? ஒன்பது போதும். மிச்சத்துல குடோன் கட்டிக்கிடுவேன். ஆபீசரை நான் பாத்துக்கிடுறேன்."

பட்டாசுக் கம்பெனி முதலாளி காசிராஜன் போன வாரம் சொன்னது இது. வெடிமருந்து ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் சட்டப்படி விட வேண்டிய இடைவெளியைத்தான் பாதியாக்கச் சொன்னார்.

"சரி அண்ணாச்சி" என்று இன்ஜினியர் செல்வக்குமார் தலையாட்டியபோதே பானுப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இன்ஜினியரிடம்தான் பிளான் வரையும் வேலை அவளுக்கு. அவள் புருஷன் பாண்டிக்கோ, காசிராஜன் கம்பெனி மருந்து ரூமில் வேலை. ஒரு ரூம் வெடித்தால் அடுத்ததும் சேர்ந்து போகட்டும் என்றா இந்த மனுஷன் படம் போடுகிறார்?

அந்தப் பிளானை மட்டும் அவளைத் தொடவே விடவில்லை. தானே வரைந்தார். கள்ளத்தனம் இல்லாமலா?

இன்று காசிராஜன் வந்து நின்றார்.

"ஏலே, அளவு ஒண்ணும் எழுதலையே?"

"கடைசியா எழுதிருவேன் அண்ணாச்சி."

"ஸ்கேலைக் குடு. அப்ரூவல் ஆயிட்டா அப்புறம் ஒரு அடிகூட மாத்த முடியாது. நானே அளந்து பாத்துருதேன்."

விளிம்புக்கு விளிம்பு வேறு அளவு போட்ட முக்கோண ஸ்கேல் அது. செல்வக்குமார் எடுத்து, திருப்பி, படத்தின் மேல் தானே வாகாக வைத்துக் கொடுத்தார். உபசாரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை!

காசிராஜன் மூக்கு தாளில் இடிக்கக் குனிந்தார்.

"ஒன்பதேதான்! கெட்டிக்காரன்லே நீ."

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

பானுப்பிரியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நீங்கல்லாம் நல்லா இருப்பீகளா அண்ணே? அங்கன உக்காந்து மருந்து கலக்குறது என் வீட்டுக்காரரு!"

செல்வக்குமார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கத்தாதம்மா. இந்தப் பிளான் இருநூறுல ஒரு பங்காச் சுருக்கி வரைஞ்சது. நான் அவருக்கு வச்சுக் குடுத்தது நூறுல ஒரு பங்குக்கான பக்கம். இப்ப நீ சரியான பக்கத்தை வச்சு அள."

அவள் ஸ்கேலைத் திருப்பி வைத்தாள்.

பதினெட்டு மீட்டர்.

"அய்யய்யோ அண்ணே... அவருக்குத் தெரிஞ்சா?"

"அப்ரூவலுக்கு அப்புறம்தானே தெரியும்? வைவாரு. இனிமே ஒரு வேலையும் தரமாட்டாரு. வஞ்சுட்டுப் போகட்டும்மா. பாண்டி சாயங்காலம் வீடு வந்து சேரணும்ல?"