ஆளுக்கொரு கறுப்புத் துணி

அவள் கையிலும் ஒரு கறுப்புத் துணியைத் திணித்தார்கள்.

கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பார்வையில்லாத பிள்ளைகள் படும் பாட்டை ஆசிரியர்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டுமாம். உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில் அன்றைக்கு அதுதான் முக்கிய நிகழ்ச்சி.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

பக்கத்தில் இருந்த கனகவல்லி டீச்சர் அதை எடுத்துச் சொன்னாள். பயிற்சி கொடுக்க வந்தவன் கொஞ்சம் யோசித்தான். யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதானே திட்டத்தின் நோக்கம் என்றான்.

நல்ல நோக்கம். அவள் கட்டிக்கொண்டாள். புதுத் துணியில் சாயம் நாறியது.

பயிற்சி நடந்தது அவளுடைய பள்ளிக்கூடத்தில்தான். சமூக அறிவியல் ஆசிரியை என்று ஆணை வாங்கி வந்தவளை நூலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கண் தெரியாதவளுக்குப் புத்தகக் காவல். எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ!

பத்தாம் வகுப்புக்கோ ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. அதைக் கொடுங்கள் என்று மனுக் கொடுத்திருந்தாள். கண் தெரியாமல் இந்தப் பிள்ளைகளை எப்படி மேய்ப்பாய் என்று கேட்டார் மாவட்ட அதிகாரி. யோசித்து, பயிற்சி நாளன்று பதில் சொல்கிறேன் என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கூத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதினார்கள். கட்டிய கண்ணோடு எல்லோரும் மண்டபத்தை விட்டு இறங்கி வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும்.

நாற்காலிகள் உருண்டன. யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். யாரோ அவள் காலை மிதித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு கை வந்து அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தது. வியர்த்த கை. மனுக் கொடுத்த அன்று அறையில் அடித்த அதே ஜவ்வாது வாசனை.

அதிகாரியேதான்.

"யாருன்னு தெரியல... விட்டுடாதீங்க," என்றார்.

மனு வாங்கும்போது இருந்த குரல் எங்கே போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

விட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். வாசலில் செங்குத்தாகப் படிகள் இருக்கின்றன. முன்பல் போயிருக்கும். ஆசையாகத்தான் இருந்தது.

ஆனாலும் படிக்குப் படி சொல்லி இறக்கி, மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மறுபடி விசில். மற்றவர்கள் கண்கட்டை அவிழ்த்தார்கள். அட, நீங்களா என்றார் அதிகாரி.

மண்டபத்துக்குத் திரும்பும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்து வாங்க, படி இருக்கு என்றார்.

எப்படி உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஒருவர் அழுதே விட்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக அதிகாரி மேடையேறி மைக்கை வாங்கினார்.

அந்தக் கொஞ்ச நேர இருட்டுக்கே அவருக்குக் கை கால் ஆடிவிட்டதாம். வாழ்நாள் முழுக்க இருட்டில் இருப்பவர்கள் தலையில் வகுப்பு என்கிற சுமையை ஏற்றலாமா? அவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லையாம்.

"டீச்சர் நிம்மதியா லைப்ரரியிலயே இருக்கட்டும்."

கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

தன்னை மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் முகத்தில் துணி இன்னும் இருந்தது. அவிழ்க்கச் சொல்லக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. தானே அவிழ்த்தாள். தூ என்று துப்ப வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, மடக்கிய கைத்தடியை விரித்து எழுந்தாள்.

வராந்தாக் கோடியில் பத்தாம் வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. வாத்தியார் அத்தனை பேரும் பயிற்சியில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்?

உள்ளே போனாள். இரைச்சல் அடங்கியது. பெஞ்சுகள் நகர, எழுந்து நின்றார்கள்.

மண்டபத்து மைக்கில் அவள் பெயர் கேட்டது. லூர்துசெல்வி டீச்சர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். பொன்னாடை போர்த்த அதிகாரி காத்திருக்கிறார்.

முன் பெஞ்சுப் பெண்ணிடம் கறுப்புத் துணியை நீட்டினாள்.

"போர்டைத் துடைம்மா. அப்படியே கதவையும் சாத்து."