பதில் அனுப்பாத உறுப்பினர்

காது அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் செயலாளர் டாக்டர் பிலோமினா, கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பாத உறுப்பினர்களைப் போனில் அழைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி படிக்க வாய்ப்புக் கிடைச்சா இதே துறைக்கு வருவீங்களா?"

காலையிலிருந்து பலரும் அலுப்போடு மாட்டேன் என்றே சொன்னார்கள். அவருக்கும் அதுதான் சரியென்று படத் தொடங்கியிருந்தது.

டாக்டர் மாசிலாமணி மட்டும், "ஒரு நிமிஷம் மேடம், பேஷன்டுக்குக் கட்டுப் பிரிச்சிட்டிருக்கேன்" என்று போனை மேசையில் வைத்தார்.

ஒரு முதியவர் கத்துவது கேட்டது. "தங்கபுஷ்பம்! நான் பேசுறது கேக்குதா?"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? மெதுவாப் பேசுங்க" என்றது ஒரு மூதாட்டியின் குரல்.

மாசிலாமணி போனை மறந்துவிட்டார். பிலோமினாவுக்கோ துண்டிக்க மனம் வரவில்லை.

முதியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லிய குரலில், "காப்பி குடிக்கிறியா?" என்றார்.

"கேட்டுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லுங்க."