நாலு மணிக்குள் ஒரு கொட்டாவி

வாயை அகலத் திறந்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. பத்திரிகைகளுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து தரும் தங்கை, பென்சிலும் கையுமாக அந்த வாயை எட்டிப் பார்க்கிறாள். கொட்டாவி ஏன் வருகிறது என்ற கட்டுரைக்கு அவள் வரைந்த படம் காலையில் திரும்பி வந்துவிட்டது. ஆள் அலறுவது போல் இருக்கிறதாம். நாலு மணிக்குள் சரியாக வராவிட்டால் புகைப்படம் போட்டுவிடுவார்களாம். “பல் டாக்டர்கிட்டகூட இவ்ளோ நேரம் வாயத் திறந்ததில்லடி,” என்கிறாள் அக்கா. “பேசாதக்கா, தாடை ஆடுது.” வெயில் அக்காவின் கன்னத்திலிருந்து காதுக்கு நகர்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து சலித்தவளுக்கு நிஜமாகவே ஒரு கொட்டாவி வருகிறது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். வாய் அப்படியேதான் இருக்கிறது. கண்கள்தான் சுருங்குகின்றன, இமையோரம் ஈரம் கசிகிறது. காலையிலிருந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தோமே! படத்தில் விரித்து வைத்த கண்களை அழித்து, இரண்டே கோடுகள் போட்டு அனுப்புகிறாள். நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் பத்திரிகை ஆசிரியர் போனில் வருகிறார். “படம் வந்துச்சும்மா. பாத்துட்டுதான் இருக்கேன். இந்தக் கண்ணு...” பேச்சு நிற்கிறது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்கிறது. தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது முடியும்வரை கேட்கிறாள்.