ஆயிரம் வருசத்து அம்மன்

ஏரிக்கரை அம்மனை ஆராய்ந்துதான் பூங்கோதை டாக்டர் பட்டம் வாங்கினாள். அங்கே பரம்பரையாகப் பூசை செய்து, அருள் வந்து குறி சொல்லும் காத்தாயியின் குடிசையில் மாதக்கணக்கில் தங்கி, அவள் போட்ட சோற்றைத் தின்றுதான் எழுதினாள். கோயிலுக்கு ஆயிரம் வயது என்று ஆய்வேட்டில் நிறுவியிருந்தாள். அது பேப்பரில் வந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டார்கள். கூரை போய்க் கருங்கல் மண்டபம் வந்தது. வெளியூரிலிருந்து குருக்கள் வந்தார்.

கும்பாபிஷேகத்துக்குப் பூங்கோதைதான் சிறப்பு விருந்தினர். வாசல் கம்பிக்கு வெளியே காத்தாயி நின்றிருந்தாள்.

"உள்ள வரலையாம்மா?"

"எங்க சனம் இந்தக் கம்பியத் தாண்டக் கூடாதாம். நீ எழுதுன பொஸ்தகத்துல நான் இருக்கேனா தாயி?"

"முழுக்க நீங்கதான்."

"அப்ப அதக் காட்டி என்னை உள்ள விடச் சொல்லேன்."

வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த கமிட்டித் தலைவரிடம் பூங்கோதை கேட்டாள். "ஆகமம்னு ஒண்ணு இருக்கே மேடம். படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று அவர் சிரித்தார். அதற்குள் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி மாலை மரியாதைக்கு அழைத்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அசையாமல் நின்றாள்.

"கூப்புடுறாங்க பாரு," என்றாள் காத்தாயி. "செருப்ப இங்கயே விட்டுட்டுப் போ. நான் பாத்துக்குறேன்."